திருடி செய்தது

என்னைத் திருடி என்று சொன்னபோது நான் அச்சிலிருந்து சோப்புகளைத் தட்டி எடுத்துக்கொண்டிருந்தேன். கிறிஸ்துமஸுக்கு மூன்று வாரம் இருந்தது. எங்கள் ஊரில் பிரெஞ்சுக்கொடி இறங்கி ஒரு வருஷம் ஆகியிருந்தது. மாதா கோயிலுக்குப் பின்னால் இருந்த தையல்கூடத்தில் பதினைந்து பெண்கள் உட்கார்ந்து அன்பளிப்புப் பொருள்கள் செய்துகொண்டிருந்தோம். பிரான்ஸுக்குக் கப்பலேறிப் போகிற குடும்பங்களுக்குக் கொஞ்சம், அநாதைப் பிள்ளைகளுக்குக் கொஞ்சம், வயசானவர்கள் இருக்கும் மடத்துக்குக் கொஞ்சம். சிலர் லேஸ் பின்னினார்கள். சிலர் வண்ணக் காகிதத்தில் ரோஜா செய்தார்கள். சோப்பும் மெழுகுவர்த்தியும் என் வேலை. அப்போது எனக்குப் பத்தொன்பது வயசு.

அந்த வேலையை எனக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. தையல்கூடத்து அலமாரியில் அட்டை கிழிந்த ஒரு பிரெஞ்சு வீட்டுக்குறிப்புப் புத்தகம் கிடந்தது. பள்ளிக்கூடத்தில் படித்த பிரெஞ்சை வைத்துக்கொண்டு அதை எழுத்துக்கூட்டிப் படித்து, காஸ்டிக் சோடாவில் மூன்று முறை கையைச் சுட்டுக்கொண்டு, நானே பிடித்த பதம் அது. தேங்காயெண்ணெயில் செய்த சோப்பு எங்கள் ஊர்க் கிணற்று உப்புத்தண்ணியிலும் நுரைக்கும். கடைச் சோப்பு நுரைக்காது. அதனால் என் சோப்புக்கு நல்ல பெயர் இருந்தது. ஆனால் அந்தப் பெயர் எனக்கு வரவில்லை. தையல்கூடத்தை நடத்திய மதாமுக்குப் போனது.

மதாம் என்றால் வெள்ளைக்காரி இல்லை. நம் தமிழ்க் குடும்பம்தான். கணவர் சைகோனில் உத்தியோகம் பார்த்துவிட்டு வந்தவர். வெள்ளைக்காரர் தெருக்களையும் எங்கள் தெருக்களையும் பிரித்த வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. வெள்ளை கவுன், முழங்கை வரை கையுறை, வெயிலுக்கு ஒரு லேஸ் குடை. யாராவது சோப்பை மோந்து பார்த்து, "ரொம்ப நல்லா இருக்கே மதாம்" என்றால் தலையைச் சற்றே சாய்த்துச் சிரிப்பார். 'இந்தப் பெண் செய்தது' என்று ஒரு தடவை கூடச் சொன்னதில்லை. எனக்கு அப்போது அது பெரிசாகப் படவில்லை.

சோப்புக்கு வாசனை சேர்க்க பிரான்ஸிலிருந்து லவாந்த் எண்ணெய் வந்திருந்தது. இங்கிலீஷில் லாவெண்டர் என்பார்கள். நீலக் கண்ணாடியில் சின்ன பாட்டில், லேபிளில் ஊதாப்பூ. கண்ணாடி மூடியின் ஓரம் சில்லு விட்டிருக்கும். மேசையில் இடித்துச் சில்லு விட வைத்தவளே நான்தான், அதற்காகத் திட்டும் வாங்கியிருந்தேன். அந்தப் பாட்டிலை மதாம் அலமாரியில் பூட்டி வைப்பார். வேண்டும்போது எடுத்துத் தருவார், திரும்ப வாங்கிப் பூட்டுவார்.

அன்று அலமாரியைத் திறந்தவர் ஒவ்வொரு தட்டாகக் கையை விட்டுத் துழாவினார். பிறகு திரும்பி, நேராக என்னைப் பார்த்தார்.

"பாட்டில் எங்கே?"

"நேத்தே உங்க கையில குடுத்துட்டேனே மதாம்."

"குடுத்தியா?"

"குடுத்தேன். நீங்கதான் உள்ள வச்சீங்க."

மதாம் என் பக்கத்தில் வந்து குனிந்தார். என் தோளருகே மூச்சை இழுத்தார். "உன் மேலதான் வாசனை அடிக்குது."

அடிக்காமல் என்ன செய்யும்? காலையிலிருந்து அந்தச் சோப்புக்குள்தான் என் கை இருந்தது. அதைச் சொல்ல வாயைத் திறப்பதற்குள் என் பையைப் பிடுங்கி மேசைமேல் கவிழ்த்தார். ஒரு கத்தரிக்கோல், கைக்குட்டை, காகிதத்தில் சுற்றிய இரண்டு கொய்யா. பிறகு முந்தானையை உதறச் சொன்னார். பதினாலு பெண்கள் பார்க்க உதறினேன். எழுந்து ஒரு சுற்று சுற்றச் சொன்னார். சுற்றினேன்.

எதுவும் கிடைக்கவில்லை.

"கிடைக்கலேன்னா எடுக்கலேன்னு அர்த்தம் இல்ல," என்றார் மதாம். "நாளையிலேர்ந்து நீ வர வேணாம். திருட்டுக்கை செஞ்சதை அநாதைப் பிள்ளைங்களுக்குக் குடுக்க எனக்கு மனசு வராது."

ஆனால் நான் தட்டி எடுத்து வைத்த சோப்புகளை அவர் கொடுத்தார். ஒன்று விடாமல் கொடுத்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

உப்பளம் பேட்டையில் எங்கள் வீட்டு முன்னறைதான் அப்பாவின் தையற்கடை. பிரெஞ்சுக்காரர்கள் இருந்த வரைக்கும் உடுப்பு தைக்கிற வேலை குவியும். போன பிறகு பாதியாகிவிட்டது. நான் அழுதுகொண்டே நடந்ததைச் சொன்னேன். அப்பா மிஷினை மிதிப்பதை நிறுத்திக் கேட்டார். முடிவில், "நீ எடுத்தியா?" என்று ஒரு தடவை கேட்டார். "இல்லப்பா" என்றேன். "சரி" என்று மறுபடி மிதிக்க ஆரம்பித்தார். அதற்குப் பிறகு அவர் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. மற்றவர்கள் எல்லாரும் கேட்டார்கள், கேட்காதவர்கள் பேசினார்கள். தெருவில் எனக்கு 'லவாந்த்' என்று பெயர் விழுந்தது. தைமாதம் நிச்சயம் பண்ணலாம் என்று இரண்டு தடவை வந்து காப்பி குடித்துவிட்டுப் போன மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் மூன்றாம் தடவை வரவில்லை. காரணம் சொல்லியனுப்பவும் இல்லை. எங்களுக்குச் சொல்லவும் வேண்டியிருக்கவில்லை.

நான்கு வருஷம் அப்படிப் போயிற்று. சோப்பு செய்வதை மட்டும் நான் விடவில்லை. கொல்லைப்புறத்தில் ஒரு மண்சட்டி, ஒரு மரக்கரண்டி. பக்கத்தில் ஞானஸ்நானம், கல்யாணம் என்றால் இரண்டு சோப்பும் இரண்டு மெழுகுவர்த்தியும் காகிதப்பூ வைத்துக் கட்டிக் கொடுப்பேன். வாங்கிக்கொள்வார்கள். வாங்கும்போது உதட்டோரம் ஒரு சிரிப்பு இருக்கும். அந்தச் சிரிப்புகள் ஒவ்வொன்றையும் யார் யாருடையது என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியும்.

பிறகு ஒரு நாள் மதாம் வீட்டுச் சமையற்கார அக்கா வந்தாள். வம்பாக்கீரப்பாளையத்துக்காரி, மீன்காரக் குடும்பம். சந்தைக்குப் போகிறவள் மாதிரி கூடையோடு வந்து, மேலே இருந்த கீரைக்கட்டை விலக்கினாள். உள்ளே துணி சுற்றிய ஒரு பொட்டலம்.

"மதாம் மகளுக்குக் கல்யாணம். ஈஸ்டர் கழிச்சி. வர்றவங்களுக்கெல்லாம் பெட்டியில ஒரு சோப்பு, ஒரு மெழுகுவர்த்தி வச்சித் தரணும்னு ஆசைப்படறாங்க. தையல்கூடத்துப் பொண்ணுங்க செஞ்சிப் பார்த்துச்சிங்க. ஒண்ணு கூழாயிடிச்சி, ஒண்ணு கல்லாயிடிச்சி."

"அதுக்கு?"

"நீ செஞ்சித் தரணுமாம். நூத்தியிருவது. யாருக்கும் தெரியக் கூடாதாம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் நான் அப்போது கேட்டதை மறைக்கப் போவதில்லை. "செஞ்சித் தர்றேன். என்னை மறுபடி தையல்கூடத்துக்குக் கூப்பிடுவாங்களா? எல்லார் முன்னாடியும் கூப்பிடணும்." அவ்வளவுதான் கேட்டேன். நான்கு வருஷத்துக்குப் பிறகும் என் ஆசை அவ்வளவு சின்னதாக இருந்தது.

அக்கா மறுநாள் பதில் கொண்டுவந்தாள். "கல்யாணம் முடியட்டும், பார்க்கலாம்னு சொன்னாங்க."

சரி என்றேன். பொட்டலத்தைப் பிரித்தேன். ரோஜாப்பூ செதுக்கிய களிமண் அச்சுகள், திரி நூல், இரண்டு பாட்டில் லவாந்த் எண்ணெய். ஒன்று புதிது. இன்னொன்றில் பாதிதான் இருந்தது. நீலக் கண்ணாடி. மூடியின் ஓரத்தில் சில்லு.

நான் இடித்த அந்தச் சில்லை விரலால் தடவிப் பார்த்தேன். அக்காவுக்கு என் முகம் பிடிக்கவில்லை. "என்னா பொண்ணு?" என்றாள்.

"இது எங்க இருந்தது அக்கா?"

அவள் கூடையை எடுத்துக்கொண்டு கிளம்பப் பார்த்தாள். நான் கூடையைப் பிடித்துக்கொண்டேன்.

"எனக்கு அந்த வேலைதான் சோறு," என்றாள்.

"உன் பேரை நான் வெளிய சொல்ல மாட்டேன்."

அவள் சுவரோரமாக உட்கார்ந்தாள். "நீ போன அந்த வாரமே கெடச்சிடுச்சி. லேஸ் சுருள் இருக்குதில்ல, வீட்டுக்கு எடுத்தாந்து பிரிச்சப்ப உள்ள இருந்து விழுந்தது. அவங்களே சுத்தி வச்சிருக்காங்க, மறந்துட்டாங்க. நான் பக்கத்துல நின்னேன். 'மதாம், அந்தப் பொண்ணைக் கூப்பிட்டு அனுப்பட்டுமா'ன்னு கேட்டேன். 'ஊர் முழுக்கத் தெரிஞ்சி போச்சி, இனிமே நான் போயி என்னன்னு சொல்றது? நீ வாயைத் திறக்காதே'ன்னுட்டாங்க."

இத்தனை நாளும் அவர் தவறாக நினைத்துவிட்டார் என்றுதான் எண்ணியிருந்தேன். தவறாக நினைத்தவர்கள்மேல் வருகிற கோபம் ஒரு மாதிரி. ஒரே வாரத்தில் தெரிந்துகொண்டு, நான்கு வருஷம் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் எனக்கு இரண்டு வரிசை முன்னால் முழந்தாளிட்டவர்மேல் வருகிற கோபம் வேறு மாதிரி. அது கத்தாது.

"ஈஸ்டருக்கு முன்னாடி வந்து வாங்கிட்டுப் போ அக்கா," என்றேன். "நல்லா செஞ்சி வைக்கிறேன்."

முதலில் நினைத்தது சோடாவைக் கூட்டிப் போடுவது. கைப்பிடி கூடுதலாகப் போட்டால் தோல் வெந்துவிடும். இரண்டு நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். என் இடது மணிக்கட்டில் இருந்த தழும்பைப் பார்த்துப் பார்த்துத்தான் அதை விட்டேன். கல்யாணத்துக்கு வருகிறவர்கள் என்னை என்ன செய்தார்கள்? அதோடு, சோப்பு கெட்டிருந்தால் சோப்பு கெட்டது என்று போய்விடும். யாருக்கும் எதுவும் புரியாது. புரிய வேண்டும். அதுதான் எனக்கு முக்கியமாக இருந்தது.

அப்பாவின் கடையில் வெள்ளை நாடா சுருள் சுருளாக இருந்தது. இரண்டு விரல் நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டி, சிவப்பு நூலால் இரண்டு வார்த்தை தைத்தேன்: 'திருடி செய்தது'. சோப்புக் குழம்பைப் பாதி அச்சு ஊற்றி, கொஞ்சம் இறுகினதும் நாடாவை நடுவில் படுக்க வைத்து, மேலே மீதியை ஊற்றினேன். மறுநாள் அச்சைத் தட்டினால் சோப்பு முழுக்க இளஞ்சிவப்பாகத் திட்டுத்திட்டாக இருந்தது. சோடா சாயத்தைத் தின்றுவிட்டது. இன்னொரு நூல் எடுத்தேன், அதுவும் சாயம் விட்டது. பிறகுதான் அந்த நூல் ஞாபகம் வந்தது. பிரெஞ்சு வீடுகளில் படுக்கை விரிப்புக்கும் துவாலைக்கும் சொந்தக்காரர் எழுத்தைத் தைக்க ஒரு சிவப்பு நூல் வைத்திருப்பார்கள். வண்ணான் எத்தனை முறை வெள்ளாவி வைத்தாலும் மங்காது. அப்பாவிடம் இரண்டு பெட்டி மிஞ்சியிருந்தது. அதில் தைத்து ஊற்றினேன். வெள்ளை வெளேரென்று வந்தது சோப்பு. கத்தியால் பிளந்தேன். எழுத்து அப்படியே இருந்தது.

நூற்றியிருபது நாடா தைக்க வேண்டும். மத்தியான வேளைகளில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து தைத்தேன். அப்பாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு நாள் பொத்தான் டப்பாவைத் தேடிக்கொண்டு வந்தவர் என் மடியில் கிடந்த நாடா ஒன்றை எடுத்தார். கண்ணாடியை மூக்கில் தள்ளிவிட்டுக்கொண்டு படித்தார். பக்கத்தில் அச்சுகள் காய்ந்துகொண்டிருந்தன. அதையும் பார்த்தார்.

"எழுத்து சின்னதா இருக்குதே," என்றார். "ஈரத்துல இழை சுருங்கும். கொஞ்சம் பெருசாப் போடு."

பெரிதாகப் போட்டேன்.

சோப்பு ஆற ஒரு மாசத்துக்கு மேல் வேண்டும். தவக்காலம் முழுக்க எங்கள் பரண்மேல் வரிசையாக அடுக்கி வைத்திருந்தேன். நாளுக்கு ஒரு தடவை ஏறிப் பக்கம் புரட்டிப் போடுவேன். மெழுகுவர்த்திகளையும் ஊற்றினேன். அவற்றில் எதுவும் வைக்கவில்லை. எரிந்தால் நாடாவும் சேர்ந்து எரிந்துவிடும். பெரிய வியாழனுக்கு முன்னால் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் இரண்டு பேர் இருக்கும்போது வரிசையை விட்டு வெளியே வந்துவிட்டேன். செய்ததற்கு வருத்தப்பட்டால்தானே அங்கே போய்ச் சொல்ல முடியும். எனக்கு வருத்தம் இல்லை. பாவத்தைச் சொல்லாமல் நன்மை, அதாவது பூசையில் தருகிற அப்பம், வாங்கக் கூடாது. அந்த ஈஸ்டருக்கு நான் வாங்கவில்லை.

கல்யாணம் நடந்த அன்று கோயிலில் கடைசித் தூண் பக்கம் நின்றேன். கோயிலுக்கு யார் வேண்டுமானாலும் போகலாம். பூசை முடிந்து வெளியே வந்த விருந்தாளிகளுக்கு வாசலில் வைத்தே பெட்டிகளைக் கொடுத்தார்கள். வெள்ளை அட்டைப் பெட்டி, வெள்ளி ரிப்பன். ஒரு டாக்டர் மனைவி அங்கேயே பிரித்து மோந்தார். மதாம் தலையைச் சாய்த்தார். "தவக்காலம் பூரா உக்காந்து நானே செஞ்சேன். ஒரு தாய் தன் மகளுக்கு வேற என்ன செய்ய முடியும்?" அந்த வார்த்தைகளை நான் என் காதால் கேட்டேன். கேட்டதும் எனக்கு உண்டான சந்தோஷத்தை இப்போது எழுதும்போதும் உடம்பில் உணர்கிறேன்.

தையல்கூடத்துக்கு அழைப்பு வரவில்லை. வரும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. காத்திருந்தேன். நல்ல சோப்பை யாரும் உடனே எடுக்க மாட்டார்கள், பீரோவில் துணிக்கு நடுவே வைப்பார்கள். எடுத்தாலும் நடுப்பகுதி தேய்ந்து வர இரண்டு மூன்று வாரம் ஆகும். எனக்கு அவசரம் இல்லை.

ஐந்தாவது வாரம் ஒரு சுங்க அலுவலகக் குமாஸ்தாவின் மனைவி ரவிக்கை தைக்க வந்தாள். அளவு கொடுத்துவிட்டு, கிளம்பாமல் நின்றாள். பையிலிருந்து ஒரு ஈர நாடாவை எடுத்து மேசைமேல் வைத்தாள். என்னைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். தையல்கூடத்தில் அன்று என்னைச் சுற்றச் சொன்னபோது பார்த்துக்கொண்டிருந்த பதினாலு பேரில் அவளும் ஒருத்தி.

"நீதானா செஞ்சே?" என்றாள்.

"அதான் எழுதியிருக்குதே."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "அப்போ அந்தப் பாட்டில்?" என்றாள். கிடைத்துவிட்டது என்றும், எப்போது கிடைத்தது என்றும் சொன்னேன். யார் சொன்னது என்று சொல்லவில்லை.

அடுத்த பத்து நாளில் ஊரில் ஒவ்வொரு குளியலறையாக நாடா வெளியே வந்தது. ஒரு வக்கீல் வீட்டில், ஒரு வாத்தியார் வீட்டில், ஒரு பென்ஷன்காரர் வீட்டில். மதாம் பேசாமல் இருந்திருந்தால் பாதியோடு அடங்கியிருக்கும். அவர் பயந்துபோய், சோப்பில் ஏதோ கோளாறு, திருப்பித் தந்தால் பாரிஸ் சோப்பு தருகிறோம் என்று சமையற்கார அக்காவை வீடு வீடாக அனுப்பினார். அதுவரை பெட்டியைப் பிரிக்காதவர்கள்கூட அரிவாள்மணையை எடுத்துச் சோப்பை இரண்டாக வெட்டிப் பார்த்தார்கள். திரும்பி வந்தது நாலோ ஐந்தோதான்.

மதாம் ஒரு சாயங்காலம், ஆள் தள்ளுகிற புஷ்புஷ் வண்டியில் எங்கள் கடை வாசலில் வந்து இறங்கினார். கையுறை போட்டிருக்கவில்லை. அப்பா எழுந்து நாற்காலியை நகர்த்தினார். மதாம் உட்காரவில்லை.

"ஏன் இப்படிப் பண்ணே? என் பொண்ணு புகுந்த வீட்டுல தலையைக் காட்ட முடியல."

"நான் எதுவும் பொய் எழுதலியே மதாம். நீங்க எனக்கு வச்ச பேருதான்."

"உன்னை நம்பித்தானே குடுத்தேன்."

"எந்தப் பாட்டில்ல எண்ணெய் குடுக்கறோம்னு பார்த்துக் குடுத்திருக்கணும்." உள்ளே போய் அந்த நீலப் பாட்டிலை எடுத்துவந்து மேசைமேல் வைத்தேன். அவர் அதைப் பார்த்தார். அவர் முகம் வெளுத்ததை அப்பாவும் பார்த்தார்.

"இப்போ என்ன வேணும் உனக்கு?"

"தையல்கூடத்துக்கு வந்து, எல்லார் முன்னாடியும், பாட்டில் கிடைச்சிடுச்சின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. போதும்."

அவர் பாட்டிலைத் தொட்டு, கையை எடுத்துக்கொண்டார். சொல்லிவிடுவாரோ என்று ஒரு கணம் பயந்தேன். ஆமாம், பயந்தேன். சொல்லிவிட்டால் நான் மன்னிக்க வேண்டியிருக்கும்.

"அது மட்டும் என்னால முடியாது," என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார்.

அந்த வாரமே சமையற்கார அக்காவை வேலையை விட்டு நிறுத்தினார். நான் வாயைத் திறக்கவில்லை, ஆனால் பாட்டிலைக் காட்டினேன். காட்டினால் சந்தேகம் யார் மேல் விழும் என்று தெரியாத குழந்தை இல்லை நான். கோபத்தில் அக்காவை நினைக்கவே இல்லை. இந்தக் கதையில் எனக்கு உறுத்துவது அது ஒன்றுதான். அவள் வீட்டுக்குப் போய்க் காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்டேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல் மீனை உரசிக்கொண்டே, "வாக்குக் குடுத்தியே பொண்ணு" என்றாள். மூன்று மாசம் கழித்துத்தான் என்னோடு சோப்பு கிண்ட வந்தாள். வந்த பிறகு அதைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. கல்யாணங்களுக்கும் ஞானஸ்நானங்களுக்கும் அன்பளிப்புப் பெட்டி வேண்டும் என்று எங்களைத் தேடி வர ஆரம்பித்தார்கள். சோப்பைக் கையில் வாங்கியதும், "உள்ள ஒண்ணும் எழுதலியே?" என்று எல்லாரும் ஒரே வேடிக்கையைச் சொல்வார்கள்.

பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமா, இந்தியக் குடியுரிமை வேண்டுமா என்று ஊரே பேசிக்கொண்டிருந்த வருஷத்தில் மதாமின் குடும்பம் பிரான்ஸுக்குப் போக முடிவு பண்ணியது. போவதற்கு முந்தின ஞாயிறு பூசை முடிந்து வாசலில் நின்று எல்லாரிடமும் விடைபெற்றுக்கொண்டார்கள். ஆளாளுக்கு ஏதோ கையில் கொடுத்தார்கள். நானும் வரிசையில் நின்றேன். என்னைக் கண்டதும் சுற்றி இருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

"நல்லபடியா போயிட்டு வாங்க மதாம்," என்று காகிதப்பூ வைத்துக் கட்டிய பெட்டியை நீட்டினேன். அத்தனை பேர் முன்னால் வாங்காமல் இருக்க முடியாது. வாங்கினார். "மெர்சி" என்று பிரெஞ்சில் நன்றி சொன்னார்.

அதில் இருந்தது ரோஜா அச்சில் ஊற்றிய ஒரு வெள்ளைச் சோப்பு. இரண்டு மாசம் ஆற வைத்தது, லவாந்த் சேர்த்தது, நான் செய்ததிலேயே நல்லது. உள்ளே எதுவும் வைக்கவில்லை. அது எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது. கப்பலில் வைத்து வெட்டிப் பார்த்தாரோ, கடலில் எறிந்தாரோ, அந்தக் குளிர் தேசத்தில் பீரோவுக்குள் பூட்டி வைத்துக்கொண்டாரோ. வண்டியில் ஏறும்போது பெட்டியை உள்ளங்கையில் வைத்து மெதுவாகத் தூக்கி எடை பார்த்ததை மட்டும் நான் பார்த்தேன். பிறகு வீட்டுக்குப் போய் அன்றைக்கு வயிறு நிறையச் சாப்பிட்டேன்.